ஒரு வீடுகூட மறுக்கவில்லை

களப்பணிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நேற்று மதியச் சாப்பாட்டின்போது ஒன்று கேட்டேன். இந்த ஒரு மாதத்தில் எந்த வீட்டிலாவது ‘பதில் சொல்ல மாட்டோம், போங்கள்’ என்றார்களா? ‘ஒரு வீடுகூட மறுக்கவில்லை சார்’ என்று போட்டி போட்டுக்கொண்டு சொன்னீர்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேனே, அது பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை.

நேரில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் ஏதாவது வேடிக்கை பேசித் தப்பித்துவிடுவேன். அது என் பழைய வியாதி. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். ஓய்வு பெற்ற கிழவனைக் கூப்பிட்டு, மாலையைப் போட்டு, ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்றால் அவன் ஜெயித்த கதைகளைத்தான் சொல்வான். என்னிடமும் அப்படி நாலைந்து உண்டு. அவற்றை நீங்கள் ஏற்கெனவே கேட்டுச் சலித்துவிட்டீர்கள்.

நான் சமூகவியல் எம்.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது வட மாவட்டங்களில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. டீக்கடையில் ரெண்டு பேர் பேசினாலும் பேச்சு யாருக்கு எத்தனை பங்கு என்பதில்தான் போய் நிற்கும். அந்த நேரம் பார்த்து எங்கள் பேராசிரியர் என்னைக் கள்ளக்குறிச்சிப் பக்கம் அனுப்பினார். கீழ்நாட்டில் ஒரு ஊர், கல்வராயன் மலைமேல் ஒரு ஊர். இரண்டிலும் வீடு வீடாகப் போய், குடும்பத்தின் பூர்வீகம் என்ன, யாருக்கு எவ்வளவு நிலம், யார் எதுவரை படித்தார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். எட்டுப் பக்கப் படிவம். மூன்றாவது கேள்வி சாதி.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். பதில் சொன்னவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கைநாட்டு வைக்க வேண்டும். எந்த ஆய்வுப் பாடத்திலும் இல்லாத கட்டம் அது. எங்களுக்கு முந்தைய செட்டில் சில புண்ணியவான்கள் ஊர்ப்பக்கமே போகாமல் விடுதி அறையில் உட்கார்ந்துகொண்டு எல்லாப் படிவங்களையும் நிரப்பிவிட்டார்கள். பேராசிரியர் கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்து ஆளுக்கொரு நீல மைப்பெட்டியைக் கொடுத்து அனுப்புவது வழக்கமாயிற்று. கைநாட்டு எங்கள் திருட்டைத் தடுக்கத்தான். மலையில் இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

முதலில் சின்னசேலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குப் போனேன். ஒரு விவசாயி படிவத்தை வாங்கிப் புரட்டினார். மூன்றாவது கேள்வியில் விரலை வைத்தார்.

“ஒன் சாதி இன்னா? அத மொதல்ல இதுல எழுது. அப்புறம் நான் சொல்றேன்.”

“ஐயா, இது படிப்புக்காகத்தான்...”

“யாரு அனுப்பிச்சது? எங்க கணக்க கம்மியா காட்றதுக்கு வந்துகிறியா?”

படிவத்தை என் பையிலேயே திணித்து அனுப்பிவிட்டார். அதே ஊரின் காலனியில் கூலி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா, “எழுதி இன்னா ஆவப்போவுது? யாரு சண்ட போட்டாலும் அடி எங்களுக்குத்தான் வுழுது. போங்க சார்” என்றார். பத்து நாள் அலைந்தேன். பாதி வீடுகள் கதவைச் சாத்திவிட்டன. பேராசிரியர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயத்தோடுதான் மலை ஏறினேன்.

அப்போதெல்லாம் பஸ் வெள்ளிமலையோடு நின்றுவிடும். அங்கிருந்து காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. நான் போன ஊரின் பெயர் வேண்டாம். முப்பது நாற்பது வீடுகள் இருக்கும். எல்லாரும் மலையாளி என்ற பழங்குடி மக்கள், கேரளத்து மலையாளிகள் இல்லை. ஊர்த் தலைவரை ஊர்க்கவுண்டர் என்பார்கள். அவரிடம் போய், நான் பல்கலைக்கழகத்தில் படிப்பவன், மக்களைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றேன். அவர் என் பையையும் படிவக்கட்டையும் மைப்பெட்டியையும் பார்த்தார். பிறகு வெளியே வந்து, கூடியிருந்தவர்களிடம் உரக்கச் சொன்னார்:

“சர்க்கார்ல இருந்து சாதி எழுத வந்துகிறாரு. ஒரு வூடும் வுடாம எல்லாரும் சொல்லிடுங்க.”

நான் திருத்தவில்லை.

திருத்த வாய் திறந்தேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்ததே என்றுதான் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கே எட்டு வீடுகள் முடிந்தன. குளித்துவிட்டு வந்து கைநாட்டு வைத்தார்கள். எனக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் தீர்த்தன் வீட்டுக்குப் போனேன். அவர், அவருடைய மனைவி குப்பாயி, மகள் ராமாயி, மூன்று பேர். ராமாயி மலையிலிருந்த உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் பத்தாவது தேறியிருந்தாள். அந்த ஊரில் பத்தாவது தேறிய முதல் பெண் அவள்தான். மதிப்பெண் பட்டியலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கூரையில் செருகி வைத்திருந்தார்கள். நான் கேட்காமலே எடுத்துக் காட்டினார்கள்.

நர்சு பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். பத்தாவது முடித்தாலே அப்போது கிராம நர்சுப் பயிற்சியில் சேரலாம். பழங்குடிப் பெண்களுக்குத் தனியாக இடமும் இருந்தது. குப்பாயியின் தங்கை பிரசவத்தில் செத்துப்போனவள். போர்வையைக் கம்பில் கட்டி, அதில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். பாதி மலையிலேயே உயிர் போய்விட்டது. அப்போது ராமாயிக்கு எட்டு வயது, பின்னாலேயே ஓடிப்போயிருக்கிறாள். நர்சாகிவிட வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிடித்ததுதான். படிவத்தில் ‘எதிர்கால விருப்பம்’ என்ற கேள்விக்கு இதையெல்லாம் நான் மூன்று வார்த்தையில் எழுதினேன்.

கடைசிப் பக்கம் வந்தது. “நான் கையெழுத்தே போடறேம்மா” என்றாள் ராமாயி.

“நீ சும்மா இரு. சர்க்கார் பேப்பர்ல பெரியவங்க கைநாட்டுதான் செல்லும்” என்று சொல்லிவிட்டுக் குப்பாயி கட்டைவிரலை மையில் அழுத்தினார். அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “சார், நர்சு படிப்புக்கு சாதி சர்டிபிகேட்டு கேக்கறாங்களாம். இத வெச்சி குடுத்துடுவாங்களா?”

நான் பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. “பாக்கலாம்மா” என்றேன்.

தீர்த்தனுக்கு அது போதுமாக இருந்தது. “அப்ப நான் கள்ளக்குறிச்சி போவ வேணாம். சாமை முத்திக்கினுகிது. ஒரு நாள் காவலுக்கு இல்லன்னா பன்னி மேஞ்சிட்டு பூடும்” என்றார். என் காதில் விழும்படிதான் சொன்னார். நான் பேனாவை மூடினேன். அடுத்த வீட்டுக்குப் போனேன்.

தம்பிகளே, தங்கைகளே, கொஞ்சம் இங்கே நில்லுங்கள். ‘இதை வைத்துக் கொடுக்கமாட்டார்கள் அம்மா, நீங்கள் நாளைக்கே தாலுகா ஆபீஸ் போங்கள்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நான் சர்க்கார் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். மிச்சம் இருக்கும் வீடுகள் மூடிக்கொள்ளும். அந்தக் கணக்கை நான் போட்டேன். தெரியாமல் செய்த தப்பு என்று என்னால் சொல்லவே முடியாது.

மூன்று வாரம் கழித்துக் கள்ளக்குறிச்சியில் ஒரு அரிசிக்கடை மாடியில் அறை எடுத்து, படிவங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். மலையில் ஒரு வீடுகூட மறுக்கவில்லை என்று பேராசிரியருக்குக் கடிதமும் போட்டாயிற்று. அந்த வாரம்தான் போராட்டம் சாலைக்கு வந்தது. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். பஸ் இல்லை. கடைகள் இல்லை. எந்த ஊரில் யாரைச் சுட்டார்கள், எந்தத் தெரு எரிந்தது என்று நாளுக்கொரு செய்தி வந்தது. அதில் எது நிஜம் எது வதந்தி என்று தெரியாமல் ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளேயே கிடந்தேன்.

இரண்டாம் நாள் மதியம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் தீர்த்தனும் ராமாயியும். நான் தங்கும் இடத்தை ஊர்க்கவுண்டரிடம் சொல்லி வைத்திருந்தேன். மலையிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். அவள் காலில் செருப்பில்லை. குதிகால் வெடித்து ரத்தம் உறைந்திருந்தது.

“சர்டிபிகேட்ட வாங்கிக்கினு போலாம்னு வந்தோம் சார். நாளன்னிக்குக் கடைசி நாளுன்னு வாத்தியார் சொல்லி அனுப்பிச்சாரு” என்றார் தீர்த்தன்.

“வழியில ஒண்ணும் ஆகலையே?”

“மரம் வெட்டிக்கினு இருந்தவங்க நிறுத்திக் கேட்டாங்க, இன்னா சாதின்னு. மலைக்காரங்கன்னு சொன்னோம். போங்கன்னு வுட்டுட்டாங்க. சாதி இன்னான்னு ரோட்ல நிக்கறவனுக்குக்கூட சொல்லியாச்சு சார், அந்தப் பேப்பரு மட்டும் வந்துட்டா போதும்.”

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து உண்மையைச் சொல்ல வேண்டிய நிமிஷம் அது. சொல்லவில்லை. “வாங்க, தாலுகா ஆபீஸ்ல கேட்டுப் பாப்போம்” என்று எழுந்து சட்டையை மாட்டினேன். படிவங்கள் இருந்த பையையும் எடுத்துக்கொண்டேன்.

தாலுகா ஆபீஸில் ஒரே ஒரு கிளார்க் இருந்தார். தாசில்தார் மறியல் நடக்கும் இடத்துக்குப் பந்தோபஸ்து வேலையாகப் போயிருந்தார். கிளார்க் பதிவேட்டைப் புரட்டினார்.

“இந்தப் பேர்ல மனுவே வரலியே.”

“எழுதிக்கினு போனாங்களேங்க. எம்பொண்டாட்டி கைநாட்டு வெச்சாளே” என்றார் தீர்த்தன்.

“மனு குடுக்கணும். அத மணியக்காரரு விசாரிச்சு ரிப்போர்ட் அனுப்பணும். அப்புறம்தான் தாசில்தார் கையெழுத்து. மூணு வாரம் முன்னாடியே குடுத்திருந்தா இந்நேரம் கைக்கு வந்திருக்கும்.”

நான் பையைத் திறந்து ராமாயி வீட்டுப் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவளுடைய தாத்தா, பூட்டன், யார் யாரைக் கட்டினார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எல்லாம் அதில் இருந்தது. அந்தக் குடும்பம் பழங்குடி என்பதற்கு இந்த உலகத்தில் அதைவிட விரிவான காகிதம் கிடையாது. கிளார்க் தூக்கிப் பார்த்தார்.

“இது எந்த ஆபீஸ் பேப்பரு? சீல் எங்க?”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று அவரைத் திட்ட எனக்கு வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் விதிப்படி நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். “யாருய்யா இவங்களுக்கு இத வெச்சி சர்டிபிகேட் வரும்னு சொன்னது?”

ராமாயி என்னைப் பார்த்தாள். தீர்த்தன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். என்னைக் காட்டிக் கொடுத்துவிடக்கூடாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

நான் சொன்னேன்: “இவங்க தப்பா புரிஞ்சிக்கிட்டாங்க சார்.”

இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்குப் பதினேழு வருஷப் படிப்பு தேவைப்பட்டிருக்கிறது. அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு வேறு என்னென்னவோ செய்திருக்கலாம். ‘தப்பு என்னுடையது, இவர்களை நான்தான் நம்ப விட்டேன்’ என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். தாசில்தார் நின்றிருந்த இடம் நடக்கிற தூரம்தான், போய்க் காலில் விழுந்திருக்கலாம். பயிற்சிப் பள்ளிக்கு அவகாசம் கேட்டுத் தந்தி அடித்திருக்கலாம். பிற்பாடு தோன்றிய யோசனைகள் இல்லை இவை. அங்கே நிற்கும்போதே எல்லாம் தோன்றின. அரசு ஆள் என்று நடித்ததாகப் போலீஸ் பிடித்தால் என்ன ஆவது, படிப்பு என்ன ஆவது என்ற பயமும் கூடவே தோன்றியது. பயம்தான் ஜெயித்தது.

வெளியே வந்தோம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பாதிக் கதவு திறந்து ஒரு டீக்கடை இருந்தது. கூப்பிட்டேன்.

“டீ வேணாம் சார்” என்றார் தீர்த்தன். அவர் வீட்டில் நான் மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறேன். அவர் முன்னால் நடந்தார். ராமாயி மதிப்பெண் பட்டியல் இருந்த அந்தப் பிளாஸ்டிக் பையைத் தாவணிக்குள் செருகிக்கொண்டு பின்னால் போனாள். வெட்டிப் போட்ட மரத்தைத் தாண்ட அவர் கை கொடுத்தார். அதுவரைதான் நான் பார்த்தேன்.

அடுத்த வருஷம் சேர்ந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பத்தாவது முடித்த பெண் ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா இருக்கமாட்டார்கள். தையில் கல்யாணம் ஆகிவிட்டது. புருஷனோடு குடகுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

என் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார். இப்படிப்பட்ட காலத்தில், ஒரு மலையூரில், ஒரு வீடுகூட மறுக்காமல் எப்படி ஒத்துழைப்பு வாங்கினீர்கள்? “நல்லுறவு சார்” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். என் பேராசிரியர் பெருமையாகத் தலையாட்டினார். அந்த மதிப்பெண்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அந்த வேலையின் ஓய்வூதியத்தில்தான் இன்றும் சாப்பிடுகிறேன்.

உங்களிடம் இப்போது மைப்பெட்டி இல்லை, டேப்லெட் இருக்கிறது. ஒப்புதல் படிவத்தை ஏலம் போடுகிற வேகத்தில் வாசித்துவிட்டு, ‘சரிங்களாம்மா?’ என்கிறீர்கள். அவர்களும் ‘சரிங்க’ என்கிறார்கள். உங்கள் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்து வீட்டுமனை வரும், ரேஷன் கார்டு வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும் என்று விடுகிறீர்கள், எனக்குத் தெரியும். வாசலில் நின்று முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: ‘நான் சர்க்கார் ஆள் இல்லை. நீங்கள் பதில் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. சொல்லாவிட்டால் ஒன்றும் போகாது.’ சொல்லிவிட்டுப் பாருங்கள், எத்தனை கதவு திறந்திருக்கிறதென்று. பாதிதான் திறந்திருந்தால் பாதிதான் உங்கள் தரவு. எழுதுங்கள், வெட்கமில்லை.

பல வருஷம் கழித்து, ஒரு தாய் சேய் நலக் கணக்கெடுப்புக்காக மறுபடியும் அந்த ஊருக்கே போக நேர்ந்தது. வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். நானே போனேன். துணை சுகாதார நிலையம் என்று ஒரு கட்டடம் வந்திருந்தது, பூட்டிக் கிடந்தது. முதல் வீட்டில் இருந்த பெண்ணிடம் கடைசிப் பிரசவத்தை யார் பார்த்தார்கள் என்று கேட்டேன்.

“நர்சம்மா கீழ்நாட்டுல இருந்து வரணும், அவங்க எங்க வர்றாங்க? எங்களுக்கு ராமாயிதான். தோட்டத்துல இருந்து திரும்பி வந்ததுல இருந்து அவதான் எல்லாருக்கும் பாக்கறா. கை ஒண்ணுதான் அவகிட்ட, வேற ஒண்ணும் கெடையாது. அவ கையில ரெண்டு பேரு செத்தும் பூட்டாங்க. அதுக்கு அவ இன்னா பண்ணுவா, நர்சுக்குப் படிச்சவளா?”

நான் எழுதினேன். பயிற்சி பெறாதவர் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பிறகு ராமாயி வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன்.

முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நரை விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள்.

“இத எழுதனா எங்களுக்கு இன்னா வரும் சார்?”

“ஒண்ணும் வராதும்மா. நான் சர்க்கார் ஆளு இல்ல. அன்னிக்கும் இல்ல. அன்னிக்கு அத சொல்லாம வுட்டது என் தப்பு.”

அவள் முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். உமி பறந்து என் காலில் விழுந்தது.

“இப்பதான் தெளிவா சொல்றீங்க. இனிமே நாங்க தப்பா புரிஞ்சிக்க மாட்டோம்” என்றாள். “எழுத வேணாம். போய்ட்டு வாங்க.”

நான் வாசலிலேயே நின்று, படிவத்தின் மேல் ‘பதில் தர மறுத்தார்’ என்று எழுதினேன். மற்ற வாசல்களிலும் அதையே முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். அன்று மாலைக்குள் அந்த ஊரில் இன்னும் பதினோரு வீடுகள் மறுத்துவிட்டன.